கோல் மார்க்கெட் பறவையின் சிறகு வரிசை

1994ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் மாதங்கி, ஜெயகிருஷ்ணன் தம்பதியின் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்த கல்லுக்குள் இருந்த பறவை, செத்துப் பதினைந்து கோடி வருஷம் ஆகியிருந்த நிலையில், ஓர் இறகை உதிர்த்தது. பழுப்பும் கறுப்புமாக, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான இறகு. அது மேஜை விளிம்பைத் தாண்டி, தரையில் இருந்த தயிர்ப் பாத்திரத்தில் விழுந்தது. மாதங்கியின் அப்பா பட்டாபி, மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், அதை எடுத்துக் குழாயில் கழுவித் துடைத்து, சாவகாசமாகக் காது குடைந்துகொண்டார். கோழி இறகைவிட இது பதமாக இருக்கிறது என்றார். அந்த வாரம் மழை நன்றாகப் பெய்தது. தக்காளி விலை ஏறியிருந்தது.

அது எந்த ஊர்க் கல் என்பது இன்றுவரை தெரியாது. முந்தைய குளிர்காலத்தில் விமான நிலையச் சுங்கத்தில், பளிங்கு மேஜைப் பலகைகளுக்கு நடுவே தானும் ஒரு பலகையாக வந்து பிடிபட்டது. சொந்தம் கொண்டாட ஆள் வரவில்லை. பறவை என்று எழுதினால் ஒரு துறைக்குப் போக வேண்டும், கல் என்று எழுதினால் வேறொரு துறைக்கு. இரண்டு துறையும் வேண்டாம் என்றதால் ‘பளிங்கு, மேஜைக்கு உரியது’ என்று எழுதி, பழங்கால உயிர்களின் எலும்புகளை ஆராயும் ஓர் அரசு அலுவலகத்தில் கொடுத்துவைத்தார்கள். அங்கேதான் புருஷனும் பெண்டாட்டியும் வேலை பார்த்தார்கள். ஜெயகிருஷ்ணன் அம்பாசமுத்திரத்துக்காரர், முனிர்காவில் வாடகை அறையில் இருந்து படித்து இந்த வேலைக்கு வந்தவர். மாதங்கி கோல் மார்க்கெட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படிப்பார், அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஓர் ஆமை ஓட்டின் வயதைப் பற்றிச் சண்டை போட்டுப் பழகி, அதைக் கல்யாணத்தில் கொண்டுபோய் முடித்தார்கள். சாதி வேறு என்று பட்டாபி ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தார். அப்புறம் கிரிக்கெட் பார்க்கத் துணைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டதால் சமாதானமாகி, மகள் வீட்டோடு வந்து இருந்துவிட்டார். அந்த வருஷம் முதல் மழைக்கே அலுவலகக் கூரை ஒழுகியது. கல்லைப் பழைய ரஜாய்ப் பஞ்சுப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, இரண்டே வாரம் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கனத்தைத் தாங்கக்கூடியது வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். ஆகையால் மனிதர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பறவை காக்கை அளவு இருந்தது. கழுத்து பின்னால் மடங்கி, இடது சிறகு விரிந்து, வலது சிறகு உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு, சேற்றில் மூழ்கிச் செத்த பிராணி எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது. எலும்புகளில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அந்த இடது சிறகில் இறகுகள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதில்தான். இன்றைய காக்கைக்கும் புறாவுக்கும் நீண்ட இறகுகள் ஒரே வரிசை. அவற்றின் அடிப்பாகத்தைக் குட்டை இறகுகள் மூடியிருக்கும். கல்லிலோ நீண்ட இறகுகளின் மேல் இன்னும் சில நீண்ட கோடுகள் ஓடின. ஜெயகிருஷ்ணன் சொன்னது, வரிசை ஒன்றுதான் என்று. சிறகு சேற்றில் படிந்திருக்கிறது, தண்ணீர் அதைத் தூக்கியிருக்கிறது, கொஞ்சம் தள்ளி மறுபடி படிந்திருக்கிறது. ஒரே ரப்பர் ஸ்டாம்பை இரண்டு தடவை குத்தினால் வருகிற மாதிரி. மாதங்கி சொன்னது, ஸ்டாம்பும் இல்லை கிஸ்டாம்பும் இல்லை, மூன்று அடுக்கு என்று. மேலே மூடுகிற இறகுகளும் நீளமாகவே வளர்ந்து, புடவைக் கொசுவம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. இதில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு: ஒரே வரிசை என்றால் நுனிகள் விரல்போலப் பிரியும், பறவை தரையிலிருந்தே எழும்பும். மூன்று அடுக்கு என்றால் பிரியாது, மரத்தில் ஏறிக் குதித்துச் சறுக்கத்தான் முடியும். உலகத்தின் முதல் பறவைகள் எழும்பினவா, விழுந்தனவா என்பதே கேள்வி. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அதைவிடப் பெரிய கேள்வி அப்போது இருக்கவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்லில் பதிந்த மெல்லிய தடம் நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. விளக்கைக் கல் மட்டத்துக்குத் தாழ்த்தி, இடது பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். நிழல் விழும், தடம் தெரியும். வலது பக்கத்திலிருந்து அடித்தால் பழகிய கண்ணுக்கு மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். மாதங்கிக்கு இடது கைப் பழக்கம். இடது கையால் வரைகிறவருக்கு விளக்கு வலது பக்கம் இருந்தால்தான் சௌகரியம். குழப்பத்துக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது என்று ஜெயகிருஷ்ணன் சந்தோஷப்பட்டார். “லைட்ட இந்தப் பக்கம் மாத்தி வச்சுப் பாரு மாதங்கி, எல்லாம் சரியாயிரும்” என்றார். மாதங்கி மாற்றி வைத்துப் பார்த்தார். மூன்று அடுக்கு. ஜெயகிருஷ்ணன் விளக்கை வலது பக்கம் வைத்துப் பார்த்தார். ஒரே வரிசை. விளக்கே இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதும் அவரவருக்கு அவரவருடையதே தெரிந்தது. இரண்டு பேர் வரைந்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எலும்பெல்லாம் ஒன்று, இறகெல்லாம் வேறு.

சண்டை முற்றியபோது பட்டாபியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “மாப்ளே, இது கோழின்னா. மாயவரத்துல நான் பாக்காத கோழியா?” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்த மட்டும் அது கோழியாகவே இருந்தது. கொண்டைகூட லேசாகத் தெரிந்தது என்று பிற்பாடும் சாதித்தார். பாத்திரம் தேய்க்க வரும் சரோஜ் எட்டிப் பார்த்து, “அரே, யே தோ கபூதர் ஹை” என்றாள். அவள் பார்த்தபோது புறா. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியது. பறவை, எதிரில் நிற்பவர் மனசில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ப இறகை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அதில் சூதுவாது ஒன்றும் இல்லை. யார் மனசையும் நோகடிக்கத் தெரியாத பிராணி, அவ்வளவுதான். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டே தலைநகரத்தில் பெரிய நாற்காலிகளுக்குப் போனவர்கள் உண்டு என்பதால் பட்டாபி கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “எதிர்ல ஒக்காந்திருக்கறவர் சொல்றதுதான் கரெக்ட்டுன்னு முப்பது வருஷம் ஃபைல்ல நோட் போட்டவன் நான். கல்லு மட்டும் வேற என்ன பண்ணும்?” என்றார்.

அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. ஜெயகிருஷ்ணன் இடது பக்கம் விளக்கை வைத்தார், மாதங்கி வலது பக்கம் வைத்தார். இரண்டு பக்கமும் வெளிச்சம் அடித்தால் நிழலுக்கு இடமில்லை. நிழல் இல்லாவிட்டால் தடமும் இல்லை. கல் மொட்டையாகக் கிடந்தது. உள்ளே பறவை இவருக்கு நல்ல பிள்ளையாவதா, அவருக்கு நல்ல பிள்ளையாவதா என்று தவித்திருக்க வேண்டும். தயிர்ப் பாத்திரத்தில் விழுந்தது அப்போது உதிர்ந்த இறகுதான். கல்லில் அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது, மறுபடி முளைக்கவும் இல்லை. தற்செயலாக இருக்கும் என்று இன்னொரு தடவை சேர்ந்து பார்த்தார்கள். இன்னொன்று விழுந்தது. விழுந்த இறகை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒற்றை இறகுக்கு வரிசை ஏது? துணி போட்டு மூடி வைத்துப் பார்த்தார்கள். துணிக்கு அடியிலிருந்தும் விழுந்தது. பார்வை காரணமில்லை, பக்கத்தில் இருக்கிற இரண்டு மனசும் இரண்டு விதமாகப் பிடித்து இழுப்பதுதான் காரணம் என்று தெரிந்தது. பட்டாபியின் கோழியாலும் சரோஜின் புறாவாலும் ஆபத்து இல்லை. அவர்கள் ஓர் அபிப்பிராயத்தை ஐந்து நிமிஷத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் அல்ல. அன்று சாயங்காலம் மாதங்கி அழுதார். ஆமை ஓட்டுக் காலத்திலிருந்து அவர் அழுது ஜெயகிருஷ்ணன் பார்த்ததில்லை, அதனால் ரொம்பவும் பயந்துபோனார்.

அலுவலகத்துக்கே கல்லைத் திருப்பிவிடலாம் என்றால் அங்கேயும் இதே இரண்டு பேர்தான். அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றால், அது சட்டையா மாற்றுவதற்கு? அவரவர் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லையென்பது? கடைசியில் ஷிஃப்ட் போட்டுக்கொண்டார்கள். ஜெயகிருஷ்ணனுக்குக் காலை, மாதங்கிக்கு மாலை. ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர் இருக்கக் கூடாது. முதலில் வேடிக்கையாக இருந்தது. அவர் படியிறங்கும்போது இவர் எதிர்ப் பூங்காவிலிருந்து எழுந்து வருவார். இரண்டு பேரும் வழியில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அடுத்த குளிர்காலத்தில் பூங்காவில் உட்கார முடியவில்லை. ஜெயகிருஷ்ணன் முனிர்காவில் பழைய வீட்டுக்காரரிடமே ஓர் அறை எடுத்துக்கொண்டார். மார்ச்சில் வெயில் வந்தது, அவர் அறையைக் காலி செய்யவில்லை. கோல் மார்க்கெட் தமிழர்கள் விவாகரத்தா என்று பட்டாபியிடம் ஜாடையாகக் கேட்டார்கள். “சே சே, பறவைக்கு ஒடம்பு சரியில்லே” என்றார் அவர். கேட்டவர்கள் குழம்பிப்போய், வேறு சங்கதி பேசினார்கள்.

வருஷங்கள் ஓடின. காலையில் ஜெயகிருஷ்ணன் கல்லைப் பார்த்துவிட்டு, இட்லி மாவை அரைத்து வைத்துவிட்டுப் போவார். மாலையில் மாதங்கி அதை ஊற்றித் தின்றுவிட்டு, அவருக்கு நாலு இட்லி மூடிவைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மந்திர் மார்க்கில் சந்தித்து நடந்தார்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சிறகில் போய்த்தான் முடியும், குரல் உயரும், அவரவர் அவரவர் பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். 1996ல் ஜெயகிருஷ்ணனின் கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது: ஒரே வரிசை. மறு வருஷம் மாதங்கியின் கட்டுரை வேறோர் இதழில் வந்தது: மூன்று அடுக்கு. ஒரே கல், ஒரே வீட்டு விலாசம். சீனாவிலிருந்து இறகுள்ள கற்கள் புதிது புதிதாக வந்து, தொழிலில் இருந்த எல்லோருமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம் அது. டெல்லியில் ஒரே குடும்பத்தில் இரண்டு பறவைகள் இருப்பதாகவும், ஒன்று எழும்பும் இனம், மற்றது விழும் இனம் என்றும் ஒரு ஜெர்மானியர் எழுதினார். அதைப் படித்து மாதங்கி முதலில் சிரித்தார். பிறகு, தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றவே நிறுத்திக்கொண்டார். அவருக்குப் புருஷன் வேண்டியிருந்தது. பறவையும் வேண்டியிருந்தது. இரண்டில் எது இல்லாமல் இருக்கலாம் என்று யோசித்துப் பார்ப்பார், ஒன்றும் பிடிபடாது. வெங்காயம் கிலோ ஐம்பது ரூபாய்க்குப் போன வருஷம், வாங்கிய வெங்காயத்தில் பாதியைப் பொட்டலம் கட்டி இட்லிக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் பார்த்தால் அதில் பாதியை உரித்து நறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார் ஜெயகிருஷ்ணன்.

2000ஆம் வருஷம் வாசுதேவன் என்பவர் அலுவலகத்துக்கு டைரக்டராக வந்தார். ஒரே கல்லைப் பற்றித் தன் அலுவலகம் இரண்டு விதமாகப் பேசுகிறதே என்று வெளியூர்க் கூட்டமொன்றில் யாரோ கேட்டுவிட, அவருக்கு மானம் போயிற்று. மறு வருஷம் குழு ஒன்றை அமைத்து, தானே தலைவராக, ஒரு வங்காள நிபுணரையும் ஒரு பஞ்சாபி நிபுணரையும் கூட்டிக்கொண்டு கோல் மார்க்கெட்டுக்கு வந்தார். சேர்ந்து நிற்க வேண்டாம், ஒருவர் ஒருவராக வாருங்கள் என்று மாதங்கி மன்றாடினார். அரசாங்கக் குழு ஒருவர் ஒருவராகப் பார்ப்பது விதியில் இல்லை என்றார் வாசுதேவன். வங்காளி அது பறவையே இல்லை, ஓணான் ஜாதி என்ற எண்ணத்தோடு வந்திருந்தார். பஞ்சாபி, இறகெல்லாம் யாரோ உளியால் செதுக்கியது என்ற முடிவோடு வந்திருந்தார். மூவரும் மேஜையைச் சுற்றி நின்ற மாத்திரத்தில் பறவை பாவம் என்ன செய்யும்? பஞ்சுத் தலையணை கிழிந்த மாதிரி இறகு கொட்டியது. மாதங்கி கூச்சல் போட்டுக்கொண்டே வந்து கல்லின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். அவரைப் பட்டாபியும் சரோஜும் கிளப்பியபோது சிறகில் சில இறகுகளே மிச்சம் இருந்தன. வாசுதேவன் கோட்டிலிருந்து ஓர் இறகை எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் பட்டாபி கையில் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. வரிசை ஒன்றா மூன்றா என்று கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே அபிப்பிராயம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு மே மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கல் விமான நிலையச் சுங்கத்துக்கே திரும்பும். அங்கே பளிங்கு, மேஜைக்கு உரியது என்று பதிவாகியிருப்பதால் ஏலத்தில் போகும். யாராவது வாங்கி, பாலிஷ் போட்டு, காபி வைப்பார்கள். ஒரே அபிப்பிராயம் வேண்டுமென்றால் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால் மிச்சம் இருப்பதும் உதிரும். முனிர்காவின் டெலிபோன் பூத் ஒன்றிலிருந்து ஜெயகிருஷ்ணன் பேசினார்.

“நான் மூணு அடுக்குன்னே கையெழுத்துப் போட்டுருதேன். கல்லாவது மிஞ்சும்லா.”

“நீ பாக்காததைப் பாத்தேன்னு எழுதுவியா? எனக்காகவா? வேணாம் ஜேகே. நான் போடறேன். ஒரே வரிசை.”

“அதெப்படி? ஒன் கண்ணு பொய்யா சொல்லும்?”

“ஒன் கண்ணு மட்டும் சொல்லுமா?”

விட்டுக்கொடுப்பதிலும் அவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. பூத்துக்காரர் நேரமாகிறது என்று கண்ணாடியைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை நான் வாரேன், என்ன ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு ஜெயகிருஷ்ணன் வைத்தார்.

அந்த ஞாயிறு நடுப்பகலில் லூ என்கிற அனல் காற்று தெருவில் ஆள் நடமாட விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கே மின்சாரம் போய், கூலர் நின்றுவிட்டது. வெப்பத்துக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தி, கனமான திரைகளையும் இழுத்துவிட்டதில் வீடு பகலிலேயே இருண்டு கிடந்தது. பட்டாபி உள் அறையில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு படுத்திருந்தார். ஜெயகிருஷ்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து, மேஜையின் அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் மாதங்கி. நடுவில் கல், அதன் மேல் பழைய படுக்கை விரிப்பு. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் அந்த வீட்டில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு இல்லை. விரிப்பை எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. விரிப்புக்கு அடியில் ஏதோ சரசரத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விழ ஆரம்பித்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

“தொட்டுப் பாக்கலாமா?” என்றார் மாதங்கி.

இந்தத் தொழிலுக்கு வருகிற யாருக்கும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம், இறகுத் தடத்தைத் தொடாதே என்பது. விரலின் எண்ணெய்ப் பசை பட்டாலே தடம் கெடும். இருபது வருஷமாக இருவரும் எத்தனையோ பேரை அதற்காகத் திட்டியிருக்கிறார்கள். ஜெயகிருஷ்ணன் எழுந்துபோய்க் கை கழுவினார். மாதங்கியும் கழுவினார். சாப்பிடப் போகிறவர்கள் மாதிரி ஈரக் கையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்து, விரிப்புக்கு அடியில் கையை நுழைத்தார்கள். அவர் சிறகின் நுனியிலிருந்து ஆரம்பித்தார், இவர் தோள்பட்டையிலிருந்து. கைக்குக் கல் தட்டுப்படவில்லை. இறகுதான் தட்டுப்பட்டது, காய்ந்து மடித்து வைத்த துணி மாதிரி இளஞ்சூடாக, ஓர் ஓரம் மெலிந்து, நடுவில் தண்டோடு. கண்ணுக்கு ஏழு வருஷமாகத் தெளிவாகத் தெரிந்தது விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேலே இருக்கிறது என்று தடவினால் கீழே போயிற்று. தனியாக இருக்கிறது என்று நினைத்தால் இன்னொன்றோடு ஒட்டியிருந்தது.

“ஒண்ணு. ரெண்டு. இதுக்கு அடியில இன்னொண்ணு கெடக்கு. இது ஒன் அடுக்கா, என் வரிசையா?”

“தெரியலே. மாலூம் நஹி. நீ மேல போ.”

“மூணு. இல்ல, இது முன்னயே எண்ணுனது. இரு. மூணு, நாலு. அஞ்சாவது குட்டையா இருக்கு மாதங்கி. தடியாவும் இருக்கு. நுனியில வழவழன்னு ஓடு மாதிரி என்னமோ. நல்ல சூடு பாத்துக்க.”

“ஜேகே, அது என் சுண்டுவிரல்.”

ஜெயகிருஷ்ணன் கையை எடுக்கவில்லை. “இருக்கட்டும்” என்றார். “எண்ணியாச்சுல்லா.”

மாதங்கி சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது, எதற்கென்று அவருக்கே குழப்பம். ஜெயகிருஷ்ணனுக்கும் கண் நிறைந்தது. அவர் சின்னப் பையன் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எனக்கு இப்ப ஒண்ணுமே வெளங்கல” என்றார். “எனக்கும்தான்” என்றார் மாதங்கி. அப்படிச் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஒரே வரிசை அவர் மனசில் இல்லை, மூன்று அடுக்கு இவர் மனசில் இல்லை. யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லாமல் பறவை விரிப்புக்கு அடியில் சும்மா கிடந்தது. நாலு மணி வாக்கில் மின்சாரம் வந்து, கூலர் ஓட ஆரம்பித்து, பட்டாபி எழுந்து வந்து பார்த்தபோதும் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. ஓர் இறகும் உதிரவில்லை. அவர் தானே மூன்று பேருக்கும் காபி கலந்தார்.

கூட்டு அபிப்பிராயத்தைப் பட்டாபிதான் சட்டப்படி வாசகம் அமைத்துக் கொடுத்தார். வரிசை ஒன்றா மூன்றா என்பது தங்களுக்குத் தெரியவில்லை என்பதில் கையெழுத்திட்ட இருவரும் முழுமையாக ஒன்றுபடுகிறார்கள் என்று அது சொன்னது. கீழே, தொட்டு எண்ணிய இறகுகளின் விவரம். ஐந்தாவது இறகு குட்டை, தடிமன், நுனியில் வழவழப்பான ஓடு, வெதுவெதுப்பு. இதை அடித்துவிடலாமா என்று பட்டாபி கேட்டார். எண்ணியதை எண்ணியபடியே எழுத வேண்டும் என்பது தொழில் தர்மம் என்று ஜெயகிருஷ்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொடக் கூடாது என்பதும் தொழில் தர்மம்தானே என்று பட்டாபி நினைத்தார், கேட்கவில்லை. வாசுதேவனுக்கு அந்த அபிப்பிராயம் மிகவும் பிடித்துவிட்டது. தானும் ஏதாவது முடிவு சொல்ல வேண்டியிருக்குமோ என்ற பயம் நீங்கி, ஏற்கப்பட்டது என்று எழுதி, கூரை வேலை முடியும்வரை கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். கூரை வேலை இன்னும் நடக்கிறது.

ஜெயகிருஷ்ணன் முனிர்கா அறையைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டார். அந்த ஆகஸ்டில் பறவைக்கு இறகு முளைத்தது. விரிப்பை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை, ஆனால் விரிப்பு சற்று உயர்ந்திருந்தது. இப்போதெல்லாம் ஜூலையில் உதிர்கிறது, ஆகஸ்டில் முளைக்கிறது, மற்றப் பறவைகளுக்கு ஆவது மாதிரித்தான். உதிர்ந்ததைச் சரோஜ் பெருக்கித் தள்ளுகிறாள். நல்லதாக ஒன்றைப் பட்டாபி பொறுக்கி வைத்துக்கொள்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் பழையபடி சண்டை போடுகிறார்கள். இப்போது வேறு எலும்புகளைப் பற்றி.

கூட்டு அபிப்பிராயம் 2002ல் கட்டுரையாக அச்சாயிற்று. வரிசை தெரியவில்லை என்று சொன்னதை உலகத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லோருடைய கண்ணும் ஐந்தாவது இறகின் மேல் போயிற்று. பறக்கும்போது திரும்புவதற்கு அது சுக்கான் மாதிரி உதவியிருக்கும் என்று ஒருவர் எழுதினார். முட்டையைச் சூடாக வைத்துக்கொள்ளத்தான் என்று இன்னொருவர் மறுத்தார். நுனியில் இருந்த ஓடு மரத்தைப் பற்றி ஏறுவதற்கு என்று மூன்றாமவர் படம் போட்டே காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதங்கி இவற்றைச் சத்தம் போட்டுப் படிப்பார். ஜெயகிருஷ்ணன் அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முட்டைக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்பார். திருத்தம் எதுவும் அவர்கள் அனுப்பவில்லை. சென்ற மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி, அந்த இறகை நேரில் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டு எழுதியிருந்தாள். ஜெயகிருஷ்ணன் அன்றைக்கே பதில் போட்டார்: காலை ஒன்பதுக்குள் வந்தால் பார்க்கலாம், அதற்கு மேல் அது ஆபீஸுக்குப் போய்விடும்.